பறவை ரிதம் கேம் செய்து ஸ்டீமில் விற்பது எப்படி: முதல்முறை வெளியிடுபவர்களுக்கு

சாங்பேர்ட் சிம்பொனி விளையாடிய பலருக்கும் ‘நாமும் இப்படி ஒன்று செய்தால் என்ன’ என்று ஒருமுறையாவது தோன்றியிருக்கும். சிங்கப்பூரைச் சேர்ந்த ஜாய்ஸ்டீக் ஸ்டுடியோஸ் செய்து, 2019 ஜூலையில் வெளிவந்த கேம் அது. பெர்ப் என்கிற, தாய் தகப்பன் யாரென்று தெரியாத குஞ்சை ஒரு மயில் வளர்க்கிறது. தன் இனம் எதுவென்று தேடிக் கிளம்பும் பெர்ப், வழியில் பார்க்கும் பறவைகளோடு பாடிப் பாடியே முன்னேறுகிறது. தாவுவது, பாடுவது, தாளம் தப்பாமல் பொத்தானை அழுத்துவது, இவ்வளவுதான் விளையாட்டு. அளவில் சிறியது என்பதால் ஒன்றிரண்டு பேர் உட்கார்ந்து செய்துவிடக்கூடிய வகை.

செய்துவிடலாம்தான். ஆனால் கேமை முடித்துக் கடையில் வைக்கும்போதுதான் பான் அட்டை, வங்கி, அமெரிக்க வரிப் படிவம், இசைக்கான ஒப்பந்தம் என்று வரிசையாக வந்து நிற்கும். இவற்றில் அலைக்கழிந்த பிறகு எழுதுகிறேன். தமிழ்நாட்டில் இருந்துகொண்டு, கம்பெனி எதுவும் தொடங்காமல், தனிநபராக, கணினி கேம்களுக்கான ஆன்லைன் கடையான ஸ்டீமில் முதல் கேமை விற்கப்போகிறவர்களுக்கானது இது. கட்டணங்களும் விதிகளும் மாறக்கூடியவை, பணம் கட்டும் முன் ஸ்டீம்வொர்க்ஸ் (கேம் விற்பவர்களுக்கான ஸ்டீம் தளம்) பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் உங்கள் பெயரைச் சரிசெய்யுங்கள்

ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன்பே தொடங்க வேண்டிய வேலை இது. ஸ்டீமில் பதியும்போது உங்கள் சட்டப்பூர்வமான பெயரைக் கேட்பார்கள். அது வங்கிக் கணக்கில் உள்ள பெயரோடும், வரிப் படிவத்தில் தரும் பெயரோடும் பொருந்த வேண்டும். குடும்பப் பெயர் வைத்திருப்பவர்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. நமக்குத்தான் இனிஷியல் இருக்கிறதே!

பான் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும். அதனால் அட்டையில் ‘கார்த்திக் செல்வராஜ்’ என்று அப்பா பெயரும் பின்னால் வந்துவிடும். வங்கிப் புத்தகத்தில் ‘எஸ். கார்த்திக்’. ஆதாரில் ‘கார்த்திக் எஸ்’. நம்மூரில் மூன்றும் ஒரே ஆள் என்று யாருக்கும் தெரியும். வெளிநாட்டில் உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு மூன்று பேர்.

பான் அட்டையில் இருக்கும் பெயரையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். வரிப் படிவத்தில் பான் எண்தான் போகப்போகிறது. வங்கிக் கணக்கின் பெயரை அதற்கேற்ப மாற்றச் சொல்லி, பான் நகல், ஆதார் நகல், ஒரு விண்ணப்பக் கடிதம், கேஒய்சி புதுப்பிப்புப் படிவம் ஆகியவற்றைக் கிளையில் கொடுங்கள். செலவு பெரிதாக இருக்காது, நேரம்தான் ஆகும். ‘முதல்ல ஆதார்ல மாத்திட்டு வாங்க’ என்று என்னிடம் சொன்னதுபோல் உங்களிடமும் சொல்லலாம். அவசரப்பட்டு ஆதாரில் கை வைக்காதீர்கள். அதில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். மேலாளரைப் பார்த்து, பான் அடிப்படையில் மாற்றித்தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

அங்கே இருக்கும்போதே, வெளிநாட்டுப் பணம் வந்துசேரத் தேவையான ஸ்விஃப்ட் குறியீட்டையும் கேட்டு வாங்கிவிடுங்கள். எல்லாக் கிளைக்கும் அது இருக்காது. இல்லாவிட்டால் அந்த வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையின் குறியீட்டைத் தருவார்கள், அதைப் போட்டால் போதும். உங்கள் கணக்கு சிறிய கூட்டுறவு வங்கியில் இருந்தால், வெளிநாட்டுப் பணம் நேராக வந்து சேருமா என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொண்டு, இல்லையென்றால் வேறு வங்கியில் கணக்கு தொடங்குங்கள்.

2. இசைக்கு எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்

ரிதம் கேமில் இசைதான் கேம். இசை உரிமை உங்களிடம் ஒழுங்காக இல்லையென்றால் மற்றது எதுவும் உங்களுடையதல்ல. ‘நண்பன்தானே, சும்மா போட்டுக் கொடுத்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். நண்பனாக இருப்பதால்தான் எழுதிக்கொள்ள வேண்டும் என்பேன்.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 19-ஆம் பிரிவை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். உரிமையை மாற்றிக்கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். அதற்குள் மூன்று கண்ணிகள் இருக்கின்றன. எத்தனை வருடத்துக்கு என்று எழுதாவிட்டால் ஐந்து வருடம் என்றே எடுத்துக்கொள்ளப்படும். எந்தப் பகுதிக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்று பொருள். ஸ்டீம் உலகம் முழுக்க விற்கிறது, உங்கள் பாட்டுக்கு இந்தியாவைத் தாண்டி உரிமை இல்லையென்றால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மூன்றாவது இன்னும் மோசம்: உரிமை வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தால் தவிர, அந்த உரிமை காலாவதியாகிவிடும். தனியாள் செய்யும் கேம் ஒரு வருடத்தில் எங்கே முடிகிறது?

ஆகவே ஒப்பந்தத்தில் இவை இருக்கட்டும்: ஒவ்வொரு பாட்டின் பெயர், உலகம் முழுவதும், பதிப்புரிமைக் காலம் முழுவதும், ஒரு வருட விதி இதற்குப் பொருந்தாது என்று ஒரு வரி, கேம் தவிர டிரெய்லரிலும் தனி இசைத் தொகுப்பாகவும் பயன்படுத்தலாம் என்று ஒரு வரி, பின்னாளில் நின்டெண்டோ ஸ்விட்ச் மாதிரி வேறு கருவிக்குக் கொண்டுபோனாலும் செல்லும் என்று ஒரு வரி, கொடுக்கும் தொகை அல்லது பங்கு. வாசித்தவர், பாடியவர் எல்லோரிடமும் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிச் சரிபார்க்க ஆகும் செலவைக் கணக்குப் பார்க்காதீர்கள்.

பழைய கீர்த்தனையைப் பயன்படுத்தினால் பிரச்சினை இல்லையே என்று நினைக்கலாம். தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், அவருடைய இயற்றலுக்கு இப்போது யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் அதை இன்னொருவர் பாடிய ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. நீங்களே வாசித்துப் பதிவு செய்தால் மட்டும் தைரியமாகப் போடலாம்.

இன்னொரு எச்சரிக்கை, இது சட்டத்தில் இருக்காது. உங்கள் இசையமைப்பாளர் அதே பாட்டை ஏதாவது விநியோகஸ்தர் வழியாக யூடியூபின் கன்டென்ட் ஐடியில் (பாட்டு எந்த வீடியோவில் வந்தாலும் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) பதிந்துவைத்திருந்தால், உங்கள் கேமை விளையாடி வீடியோ போடுகிற ஒவ்வொருவருக்கும் உரிமைக் கோரிக்கை போகும். இசை கேமுக்கு விளம்பரமே அந்த வீடியோக்கள்தான். பதியவேண்டாம் என்று முன்பே சொல்லி, அதையும் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

3. பறவைக் குரல் எங்கிருந்து எடுப்பது

பலரும் முதலில் போகும் இடம் சீனோ-கேன்டோ. 2005-இல் தொடங்கிய, பறவை ஒலிகளுக்கான பொதுத் தொகுப்பு. நம்மூர்ப் பறவைகளும் ஏராளமாக இருக்கின்றன. ஆனால் இலவசமாகக் கேட்கலாம் என்பதற்காக விற்கும் கேமில் போட்டுவிட முடியாது. ஒவ்வொரு பதிவுக்கும், அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் ஒரு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருக்கும், அவற்றில் மிகப் பல ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்ற வகை. உரிமத்தை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பிடித்த பதிவு வணிகத்துக்குத் தடை உள்ளது என்றால், பதிவு செய்தவருக்கே எழுதிக் கேளுங்கள். அனுமதி கிடைத்தால் அந்த மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். அதுவும் ஓர் ஆவணம்.

இல்லாவிட்டால் நீங்களே பதிவு செய்யலாம். செம்மார்புக் குக்குறுவானைக் கேட்டிருப்பீர்கள், பெயர் தெரியாமல்கூட. வெயில் நேரத்தில் ஆலமரத்திலோ அரசமரத்திலோ மறைந்து உட்கார்ந்து, செம்புத் தகட்டைத் தட்டுவதுபோல் டுக், டுக், டுக் என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு நூற்றுக்கு மேல், நிறுத்தாமல். ரிதம் கேமுக்கு இதைவிட நல்ல மெட்ரோனோம் (சீராகத் தாளம் தட்டும் கருவி) கிடையாது. குயில் படிப்படியாகச் சுருதி ஏறும், செம்போத்து அடித்தொண்டையில் ‘கூப் கூப்’ என்று ஒலிக்கும், தையல்சிட்டு உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத சத்தத்தில் கத்தும். குக்குறுவான் தாளம், செம்போத்து அடிநாதம், குயில் மெட்டு என்று பிரித்துவைத்துக்கொண்டாலே கேமில் ஒரு நிலை (லெவல்) தயார்.

விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பதிவு செய்யுங்கள், அதற்கப்புறம் வண்டிச் சத்தம் எல்லாவற்றிலும் ஏறிவிடும். பறவையின் ஒலியை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டி அதை வரவழைப்பது வேண்டாம். கூடு வைக்கும் காலத்தில் அதற்குத் தொந்தரவு.

4. தாளத்தை நிரலில் பிடிப்பது

கேம் செய்யும் பாடத்தை முழுசாக இங்கே சொல்லப்போவதில்லை. இந்த வகையில் எல்லோரும் தடுக்கி விழும் இடங்களை மட்டும் சொல்கிறேன். எஞ்சினுக்கு, அதாவது கேமை உருவாக்கும் அடிப்படை மென்பொருளுக்கு, செலவு வேண்டாம் என்றால் கோடோ 4 எடுங்கள், எம்ஐடி உரிமம், பைசா கிடையாது. தமிழில் வசனம் வைக்கப்போகிறீர்கள் என்றால் இன்னொரு காரணமும் உண்டு: கோடோ 4 கொம்பையும் காலையும் சரியான இடத்தில் வைக்கும், கோடோ 3 வைக்காது. எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், திறந்த உரிமம், கேமோடு சேர்த்துத் தரலாம்.

ஒரு அடியின் நீளம் மில்லிவினாடியில் 60,000 வகுத்தல் பிபிஎம் (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற எண்). 120 என்றால் 500, 100 என்றால் 600. இந்த நேரத்தைக் காட்சிச் சட்டங்களை (ஃபிரேம்) எண்ணிக் கணக்கிடாதீர்கள். வினாடிக்கு 60 சட்டம் என்றால் ஒன்றுக்கு 16.7 மில்லிவினாடி, கணினி கொஞ்சம் திணறினாலும் தாளம் நழுவிவிடும். ஒலி இப்போது எந்த இடத்தில் ஓடுகிறது என்பதைக் கேட்டு, கடைசியாக ஒலி கலக்கப்பட்டதிலிருந்து கழிந்த நேரத்தைக் கூட்டி, வெளியீட்டுத் தாமதத்தைக் கழியுங்கள். கோடோவில் மூன்றுக்கும் தனித்தனி அழைப்புகள் இருக்கின்றன.

பிளாட்ஃபார்மர் (தாவித் தாவி முன்னேறும் கேம்) என்பதால் தாவலும் தாளத்துக்குள் வர வேண்டும். தாவி இறங்க ஆகும் நேரம் ஒரு அடிக்குச் சமமாக இருக்கட்டும். உயரத்தை எட்டால் பெருக்கி, நேரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வேண்டிய ஈர்ப்பு வரும். 96 பிக்சல் உயரம், 0.5 வினாடி என்றால் ஈர்ப்பு 3072, கிளம்பும் வேகம் 768. கிடைவேகம் வினாடிக்கு 256 பிக்சல் என்றால் ஒரு அடிக்கு 128 பிக்சல், அதாவது 32 பிக்சல் கட்டம் நான்கு. கிளைகளை நான்கு கட்டத்துக்கு ஒன்றாக வைத்தால் குஞ்சு இறங்கும் ஒவ்வொரு இடமும் தாளத்தில் விழும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் நிலைகளை வரைய வேண்டும். வரைந்துவிட்டுப் பாட்டின் வேகத்தை மாற்றினால் எல்லாக் கிளையையும் நகர்த்த வேண்டிவரும். பாட்டின் வேகத்தை இசையமைப்பாளரோடு முதல் வாரமே முடிவு செய்துவிடுங்கள், மெட்ரோனோம் போட்டே பதிவு செய்யச் சொல்லுங்கள்.

எம்பி3 வேண்டாம். தொடக்கத்தில் சிறு வெற்றிடம் சேர்ந்துவிடும், திரும்பத் திரும்ப ஓடும் பாட்டில் அது ஒவ்வொரு சுற்றிலும் இடறும். ஓஜிஜி அல்லது வேவ் போதும்.

அப்புறம் புளூடூத் ஹெட்ஃபோன். அதில் ஒலி 100 முதல் 300 மில்லிவினாடி வரை தாமதமாக வரும். கேம் சரியாக இருந்தும் ‘தாளமே ஒத்துவரவில்லை’ என்று விமர்சனம் எழுதுவார்கள். முதல்முறை திறந்ததும் ‘குக்குறுவானோடு சேர்ந்து தட்டுங்கள்’ என்று எட்டு அடி தட்டவைத்து, சராசரி விலகலைச் சேமித்துக்கொள்ளும் ஒரு திரை கட்டாயம் வையுங்கள். அமைப்புகளில் ஒளித்துவைத்தால் யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள்.

5. ஸ்டீம் கணக்கு, 100 டாலர், வரிப் படிவம்

ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம். திரும்பத் தரமாட்டார்கள். ஆனால் கேம் 1,000 டாலர் வருவாயைத் தாண்டினால் அந்தத் தொகையை உங்கள் பங்கோடு சேர்த்துத் தந்துவிடுவார்கள். வெளிநாட்டுப் பரிவர்த்தனை அனுமதிக்கப்பட்ட அட்டை தேவை, வங்கிச் செயலியில் முதல் நாளே அதை இயக்கிவையுங்கள். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 9,000 ரூபாய். மாற்றுக் கட்டணம் 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதமும் சேர்ந்தால் இன்னும் 370 ரூபாய் சொச்சம்.

‘தனிநபர்’ என்று பதிவதா, கம்பெனியாகப் பதிவதா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். பின்னால் மாற்றுவது புதுக் காகிதங்கள், புதுச் சரிபார்ப்பு. முதல் கேமுக்குத் தனிநபர் போதும்.

பணம் கட்டிய பிறகு வங்கி விவரம், பிறகு வரி நேர்காணல் எனப்படும் கேள்வித் தொகுதி. தனிநபருக்கு இது, அமெரிக்கர் அல்லாதவர்கள் தரும் டபிள்யூ-8 பிஇஎன் என்ற அமெரிக்க வரிப் படிவம். வெளிநாட்டு வரி எண் கேட்கும் இடத்தில் உங்கள் பான் எண். இதை வெற்றாக விட்டுவிட்டுப் போகலாம் போலத் தோன்றும், விடாதீர்கள். இந்தியா-அமெரிக்கா வரி ஒப்பந்தப்படி பதிப்புரிமை வருமானத்துக்கு 15 சதவீதம்தான் பிடிக்க வேண்டும். பான் தராமல், ஒப்பந்தச் சலுகை கோராமல் விட்டால் 30. அமெரிக்காவில் நடக்கும் விற்பனைக்கு மட்டும்தான் இந்தப் பிடித்தம் என்றாலும், வாங்குபவர்களில் பெரிய கூட்டம் அங்கேதான் இருக்கும். 10 டாலருக்கு அங்கே ஒரு பிரதி விற்றால் ஸ்டீம் பங்கு 30 சதவீதம் போக 7 டாலர். 15 சதவீதம் பிடித்தால் கையில் 5.95. 30 சதவீதம் பிடித்தால் 4.90.

சரிபார்ப்புக்குச் சில வேலை நாட்கள் ஆகும். அடையாள ஆவணம் கேட்டால் நான்கு மூலையும் தெரிகிற மாதிரி, நிழல் விழாமல் படமெடுத்து அனுப்புங்கள். முகவரியை வங்கியில் உள்ளபடியே எழுதுங்கள், கதவு எண்ணுக்குப் பழையது புதியது இரண்டும் இருந்தால் இரண்டு இடத்திலும் ஒன்றுபோலவே இருக்கட்டும்.

6. கடைப் பக்கம்

பக்கத்துக்கு வேண்டிய படங்கள் பல அளவில் கேட்பார்கள். வாங்கியவரின் ஸ்டீம் நூலகத்தில் வரும் நெடும்படம் மட்டும் 600 × 900. ஓவியரிடம் பேசும்போது எல்லா அளவுகளையும் ஒரே பட்டியலாகக் கொடுத்துவிடுங்கள், ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றுக்கும் காசு. அட்டைப் படத்தில் கேமின் பெயர் தவிர விருது, விமர்சன வரி, தள்ளுபடி எதுவும் எழுதக்கூடாது, திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஸ்கிரீன்ஷாட்கள் குறைந்தது ஐந்து. ஐந்துமே விளையாடும்போது எடுத்தவையாக இருக்கட்டும்.

டிரெய்லரில் முதல் சில வினாடிக்குள் குஞ்சு தாவி, தாளம் விழ வேண்டும். நிறுவனச் சின்னம் மெதுவாக மலர்ந்து மறைவதை யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

உள்ளடக்கக் கேள்வித்தாளில் செயற்கை நுண்ணறிவு பயன்படுத்தினீர்களா என்று கேட்பார்கள். இசையிலோ படத்திலோ பயன்படுத்தியிருந்தால் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், அது பக்கத்திலேயே தெரியும்.

7. விலை

ஸ்டீமில் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். உங்கள் கேம் ஒன்றரை மணி நேரத்தில் முடிகிறது என்றால், முழுக்க முடித்துவிட்டுக் காசையும் திரும்ப வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. இதற்காகக் கேமை இழுக்காதீர்கள். ஒவ்வொரு பாட்டிலும் அதிக மதிப்பெண் எடுக்கத் தூண்டும் கடினமான வடிவம் ஒன்று வைத்தால் திரும்ப விளையாடுவார்கள்.

இந்திய விலையைத் தனியாக ரூபாயில் வைக்கலாம். அதற்குள்ளேயே ஜிஎஸ்டி அடக்கம் என்பதால் 400 ரூபாய் விலையில் 339 தான் கணக்குக்கு வரும், ஸ்டீம் பங்கு போக 237. வெளியீட்டுத் தள்ளுபடி 10 முதல் 40 சதவீதம் வரை தரலாம். கேம் சின்னது என்றால் 10 போதும்.

8. நாள் கணக்கு

பின்னாலிருந்து எண்ணுங்கள். கட்டணம் கட்டிய நாளுக்கும் வெளியீட்டுக்கும் இடையே 30 நாள் இருக்க வேண்டும். ‘விரைவில்’ பக்கம் குறைந்தது இரண்டு வாரம் பொதுவில் இருக்க வேண்டும். பக்கத்தையும் கேமையும் தனித்தனியாகப் பார்வையிடுவார்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று முதல் ஐந்து வேலை நாள். ஏதாவது குறை சொன்னால் மறுபடியும் அதே வரிசை. இவை எல்லாம் குறைந்தபட்சம்தான். விருப்பப் பட்டியலில் (விஷ்லிஸ்ட்) ஆள் சேர வேண்டுமானால் பக்கம் ஆறு மாதமாவது திறந்திருக்கட்டும்.

வரவிருக்கும் கேம்களின் டெமோவுக்கான ஸ்டீம் விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட் வருடத்தில் மூன்று முறை, பிப்ரவரி, ஜூன், அக்டோபரில் வரும். ஒரு கேம் ஒரே ஒருமுறைதான் கலந்துகொள்ள முடியும், டெமோ கட்டாயம். அரைகுறை டெமோவோடு முதல் வாய்ப்பையே செலவழித்துவிடாதீர்கள். வெளியீட்டுக்குச் சற்று முன்னால் வரும் விழாவைத் தேர்ந்தெடுங்கள். கோடை, குளிர்காலப் பெருந்தள்ளுபடி வாரங்களில் வெளியிட வேண்டாம், உங்கள் குஞ்சு அந்தக் கூட்டத்தில் யார் கண்ணிலும் படாது.

9. பணம் வந்த பிறகு

ஒரு மாத விற்பனைக்கான தொகை அடுத்த மாதக் கடைசியில் அனுப்பப்படும். ஏப்ரலில் வெளியிட்டால் மே முடிவில் எதிர்பாருங்கள். சேர்ந்த தொகை 100 டாலரைத் தொடும்வரை அனுப்ப மாட்டார்கள், அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைப்பார்கள்.

முதல் தொகை வரும்போது வங்கியிலிருந்து எதற்கான பணம் என்று கேட்டு ஒரு நோக்கக் குறியீடு தரச் சொல்வார்கள். எந்தக் குறியீடு என்பதை ஆடிட்டரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள். கிளையில் ‘ஏதோ ஒண்ணு போடுங்க சார்’ என்று அவசரப்படுத்துவார்கள், இணங்க வேண்டாம். ஒவ்வொரு வரவுக்கும் அந்நியப் பணவரவுச் சான்றைக் கேட்டு வாங்குங்கள், சில வங்கிகள் அதற்குக் கட்டணம் வாங்கும்.

அடுத்த வருடத் தொடக்கத்தில் 1042-எஸ் என்ற அமெரிக்கப் படிவம் வரும். அங்கே எவ்வளவு வரி பிடித்தார்கள் என்பதற்கான சான்று அதுதான். இங்கே கணக்குத் தாக்கல் செய்யும்போது அந்த வரிக்குக் கழிவு கேட்கலாம், அதற்குத் தனிப் படிவமும் கெடுவும் உண்டு. ஆண்டு வருவாய் 20 லட்சத்தைத் தாண்டும் நிலை வந்தால் ஜிஎஸ்டி பதிவு பற்றியும் அப்போதே பேசிவிடுங்கள். ஆடிட்டரைப் பார்க்கப் போகும்போது ஸ்டீமின் மாத அறிக்கைகள், பணவரவுச் சான்றுகள், 1042-எஸ், இசையமைப்பாளருக்குப் பணம் கொடுத்த ரசீதுகள், அட்டையில் 100 டாலர் கட்டிய பதிவு ஆகியவற்றை ஒரே கோப்பில் எடுத்துப்போங்கள். கடைசி இரண்டும் செலவுக் கணக்கில் சேரும்.